எங்கள் தெருவுக்கு மூன்று மார்க்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு மனிதர் எங்கள் இரண்டு வருட உழைப்பைப் பதினான்கு நிமிடத்தில் கிழித்துப் போட்டார். கிழித்தார் என்று சும்மா சொல்லவில்லை. தமிழில் வீடியோ கேம்களைப் பற்றிப் பேசி வீடியோ போடுகிறவர்களில் அவருக்குத்தான் வாயும் அதிகம், கூட்டமும் அதிகம். ஒவ்வொரு மார்க்கைச் சொல்லும்போதும் பின்னணியில் காகிதம் கிழிகிற சத்தம் வரும். மொத்தம் ஐந்து பாடம், பாடத்துக்கு இரண்டு மார்க்.

"கதை, முட்டை. சவால், முட்டை. முடிவு... இன்னா மச்சி, ஆரம்பமே இல்லாத கேமுக்கு முடிவு எங்கேர்ந்து வரும்? முட்டை. கிராஃபிக்ஸ் ஒன்றரை, கன்ட்ரோல் ஒன்றரை. ஆகமொத்தம் பத்துக்கு மூணு. மண்ணைக் குடுத்துட்டு நீயே விளையாடிக்கோன்றாங்க. நாம இன்னா எல்.கே.ஜி.யா?"

ஆழ்வார்பேட்டையில் ஒரு தையல்கடைக்கு மேல் எங்கள் அறை. அதில் நானும் என் கூட்டாளியும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிழிகிற சத்தம் ஐந்தாவது முறை வந்ததும் அவள் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை, சும்மாதான் சாத்தினாள். "மூஞ்சியைப் பாரு, இவனெல்லாம் ஒரு ஆளு" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அந்த வாரம்தான் கெடு. ராயப்பேட்டையில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. புரோகிராம் எழுதுவதில் எங்கள் கல்லூரியில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நல்ல வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தபோது, ரெண்டு வருஷம் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் நீங்கள் சொல்கிறபடி கேட்கிறேன் என்று அவள் அத்தாவிடம், அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், சொல்லியிருந்தாள். துபாயில் இருக்கும் அண்ணன் அங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். சனிக்கிழமைக்குள் அவள் பதில் போட வேண்டும். கேம் வெளிவந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் வந்தால் இருப்பாள், வராவிட்டால் போய்விடுவாள். அவள் போனால் கடையை மூடுவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. எனக்குப் படம் போடத் தெரியும், புரோகிராம் எழுதத் தெரியாது.

அப்படி என்னதான் செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கேமைத் திறந்தால் ஒரு தெரு இருக்கும். அதில் உங்களுக்கென்று ஒரு காலி மனை. செங்கல், தகரம், சவுக்குக்கட்டை, கயிறு, துணி, பெயின்ட், தண்ணீர் எல்லாம் கிடைக்கும். எதை வேண்டுமானாலும் கட்டலாம், பிடிக்கவில்லை என்றால் இடிக்கலாம். சுடுவதற்கு எதிரி கிடையாது, ஜெயிப்பதற்குக் கோட்டை கிடையாது. பக்கத்து மனைகளில் மற்றவர்கள் கட்டியதை நடந்து போய்ப் பார்க்கலாம், கதவு திறந்திருந்தால் உள்ளேயும் போகலாம். இந்த ரகத்துக்கு சாண்ட்பாக்ஸ் கேம் என்று பெயர். மண்ணைக் கொடுத்துவிட்டு விளையாடிக்கோ என்பதுதான் அந்த ரகமே. அதைக் குற்றம் என்று சொல்கிறவரிடம் போய் என்னத்தைப் பேசுவது?

கோடம்பாக்கத்தில் ஏழு வருடம் சினிமாவுக்கு செட் போடும் வேலையில் இருந்தவள் நான். ஒரு சீனுக்காகத் தெருவையே கட்டுவோம். நாயகன் ஓடி முடித்ததும் கடப்பாரையால் இடிப்போம். யாரும் குடியேறாத தெருக்களைக் கட்டிக் கட்டி வெறுத்துப்போய்த்தான், நாலு பேர் வந்து இருக்கிற மாதிரி ஒரு தெரு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதை அந்த ஆளிடம் சொன்னால் "சூப்பர் மேடம், கதை முட்டை" என்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் மற்றவர்களுடைய கேமைக் கிழித்தபோதெல்லாம் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தவள்தான் நான். எவனோ ஊர்பேர் தெரியாதவன் மூன்று வருடம் உட்கார்ந்து செய்ததை அவர் குப்பை என்றார். நானும் ஆமாம் குப்பை என்றேன். அப்போது எனக்கு நியாயம் அநியாயம் எதுவும் தோன்றவில்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீடியோவுக்குக் கீழே வந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். படிக்காதேடி என்று அவள் சொன்னாள், கேட்டேனா? "மார்க்கைப் பாத்தேன், தப்பிச்சேன் தலைவா" என்று ஒருத்தர். "இதுக்கு எங்க அபார்ட்மென்ட் வாசல்ல கொட்டி வெச்சிருக்கற மணலே தேவலை" என்று இன்னொருத்தர். திறந்துகூடப் பார்க்காதவர்கள் எல்லாரும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. விமர்சகர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் என்ன நடந்தாலும் எங்களுக்குப் பதிவாகி வந்துவிடும். எங்கேயாவது கேம் நின்று போனால் காரணம் தெரிய வேண்டுமே, அதற்காக. அவருடைய அனுமதியைக் கேட்டுத்தான் அந்தப் பதிவு. அரைமணி நேரம் விளையாடிவிட்டுத் திட்டியிருப்பார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பதிவைத் திறந்தேன்.

அரைமணி நேரம் இல்லை. எட்டு மணி நேரம் விளையாடியிருந்தார். அதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தன் மனையின் வாசலிலேயே நின்றிருந்தார். அங்கே ஒரு அடிபம்பு கட்டியிருந்தார். எங்கள் கேமில் பம்பு கிடையாது. குழாயையும் தகரத்தையும் வெட்டி வளைத்து அவராகவே செய்திருந்தார். பம்புக்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள். குடமும் எங்களிடம் கிடையாது. தண்ணீர் டிரம்மைச் சின்னதாக்கி, கழுத்தை ஒடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அடித்திருந்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று இருபத்திரண்டு குடம், தெருவோரமாக வரிசையில். நடுவில் ஓரிடத்தில் குடத்துக்குப் பதிலாக ஒரு செங்கல் மட்டும் இருந்தது. குடத்தை எடுத்துவர வீட்டுக்குப் போனவள் இடம் பிடித்து வைத்துவிட்டுப் போன செங்கல். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் கோபமே மறந்துவிட்டது. அந்தச் செங்கலை மட்டும் பதினோரு தடவை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்திருந்தார்.

பிறகு எல்லாவற்றையும் அழித்திருந்தார். வெறும் மண்ணில் நின்றுகொண்டு, ரெக்கார்டிங்கைப் போட்டு, "இதுல செய்ய ஒண்ணுமே இல்ல" என்று பேசியிருந்தார்.

அடப்பாவி மனுஷா!

புதன்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தி.நகருக்குப் போனேன். முதல் நாளே போன் செய்து கேட்டபோது, தாராளமாக வாங்க மேடம் என்று விலாசம் கொடுத்துவிட்டார். வீடியோவில் மீசையை முறுக்குகிற ஆள் நேரில் லுங்கியோடு கதவைத் திறந்து, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களா?" என்றார். சண்டைக்குப் போன இடத்தில் மோரைக் கொடுத்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது. குடித்தேன். பெருங்காயம் போட்டு நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்தி வைத்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து அவருடைய குடவரிசையை அவருக்கே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டார்.

"இதை ஏன் சார் அழிச்சீங்க?"

"அது நான் பண்ணது மேடம். உங்க கேம் பண்ணது இல்லையே."

"அஞ்சு மணி நேரம் பிடிச்சுப்போய்த்தானே உக்காந்தீங்க?"

"நேரம் போனதே தெரியல. ஒத்துக்கறேன். ஆனா அந்த கிரெடிட்டை நீங்க எப்படி எடுத்துக்குவீங்க? ஒருத்தன் நல்லா படம் வரைஞ்சா பென்சில் கம்பெனிக்காரன் வந்து மார்க் கேக்கறானா?"

"கேக்க வேணாம் சார். பென்சில் நல்லா எழுதுதா, முனை உடையுதான்னு பாத்து மார்க் போடுங்க. பென்சில்ல கதை இல்லேன்னு முட்டை போடறீங்களே, அது என்ன நியாயம்?"

என் குரல் ஏறியிருக்க வேண்டும், உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கதை, சவால், முடிவு மூணும் உங்க மாதிரி கேமுக்குப் பொருந்தாது, தெரியும். அந்த மூணையும் எடுத்துட்டா மிச்சம் ரெண்டு பாடம். ரெண்டு பாடத்துக்கு எப்படி மேடம் பத்து மார்க் போடறது? மார்க் இல்லாம வீடியோ போட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான். வாரத்துக்கு மூணு கேம், ஒவ்வொண்ணுக்கும் எட்டு மணி நேரம். இதுக்குன்னு தனியா உக்காந்து யோசிக்க எனக்கு ஏது நேரம்?" பிறகு கொஞ்சம் ஆர்வமாகவே கேட்டார்: "ஆமா, மத்தவங்க கட்டினதைப் பாக்கலாம்னு போட்டிருந்தீங்களே. தெரு முழுக்கக் காலியாத்தானே இருந்துது? ஒரு ஈ காக்கா இல்லை. தனியா நின்னு எவ்ளோ நேரம் குடம் அடுக்கறது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன்.

தெரு காலியாக இருந்ததற்குக் காரணம் நான். வெளியிடுவதற்கு முன் ஆறு மாதம், தெரிந்தவர்கள் முப்பது பேர் எங்கள் தெருவில் விளையாடினார்கள். ஒரு நர்ஸ் தன் மனை முழுக்கக் கொடி கட்டிப் புடவை காயப்போட்டார், வேறொன்றும் கட்டவில்லை. சாந்தோம் பக்கம் ஒரு டீச்சர் மாதா திருவிழாவுக்கு ஒரு தேர் செய்தார். அது தெருமுனையில் திரும்பாது என்று செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது, முனை வீட்டுக்காரரிடம் கேட்டு அவருடைய மதிலை இடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் மாடிப்படியாலேயே ஒரு வீடு கட்டினார். பார்க்கப் பார்க்க அலுக்காத தெரு.

இந்த ஆளுக்குப் பிரதி அனுப்புவதற்கு முந்தின நாள், அவருடைய பிரதியிலிருந்து மட்டும் அத்தனையையும் எடுத்துவிட்டுப் புதுத் தெருவாகக் கொடுத்தேன். புதிதாக வருகிறவருக்கு இன்னொருத்தர் கைபட்டதைக் கொடுக்கிறதாவது! மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தேன். டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால், "எச்சப் பண்ணிட்டியா? அலம்பி வை, ஆத்துக்கு மனுஷா வர நேரம்" என்பாள் அம்மா. விருந்தாளி என்றால் இலை புதிது, பாய் புதிது. இந்தப் புத்தி கம்ப்யூட்டருக்குள்ளேயும் என்னோடு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

என் கூட்டாளி அன்றைக்கே சொன்னாள். "லூசாடி நீ? அந்தத் தெருவுல அதான கீது. எங்க வீட்டுக் கல்யாணத்துல ஒரே சஹன் தட்டுல நாலு பேரு கைய வெச்சு சாப்புடுவோம், எவனும் செத்துப் போயிடல" என்றாள். பெரிய ஆளுக்குக் கொடுக்கிறோம், சுத்தமாகக் கொடுப்போம் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

அவரிடம் இதைச் சொல்லி முடித்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அதை ஏன் மேடம் அழிச்சீங்க? நான் பாத்திருக்க வேண்டியதே அதைத்தானே!"

என்னத்தைச் சொல்ல? உங்களைப் பெரிய மனிதர் என்று நினைத்துவிட்டேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சனிக்கிழமை, துபாய், கூட்டாளி என்று எல்லாவற்றையும் உளறிவிட்டேன். அதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது பேர் கட்டிய தெருவை அனுப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் காமிராவை வைத்துக்கொண்டே அந்தத் தெருவில் நடப்பதாகவும், அழித்த குடவரிசையைத் திரும்ப அடுக்கப் போவதாகவும், மார்க்கே இல்லாமல் ஒரு வீடியோ போடப் போவதாகவும் சொன்னார். "பழைய மூணு மார்க் அப்படியேதான் இருக்கும். ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் மோர் குடிக்க வந்துடுவாங்க."

அது போதும் எனக்கு. பாண்டிபஜாரில் ஆட்டோ பிடித்து நேராக ஆழ்வார்பேட்டைக்கு வந்தேன். அவர் நியாயமானவரா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு கேமோடு ஐந்து மணி நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டு, அந்தச் சந்தோஷத்துக்குத் தன் காகிதத்தில் இடமில்லை என்பதால் அதை இல்லை என்று ஊருக்குச் சொல்வது நியாயமில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வெள்ளிக்கிழமை வீடியோ வந்துவிட்டால் இவள் இருப்பாள். இவள் இருந்தால் மற்றது எப்படியோ போகட்டும் என்று இருந்தது.

மாடிப்படி ஏறும்போதே கத்திக்கொண்டு போனேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குடங்கள், செங்கல், மோர், வெள்ளிக்கிழமை.

"அஞ்சு மணி நேரமா?" என்றாள்.

"அஞ்சு மணி இருபது நிமிஷம்டி! செங்கலை மட்டும் பதினோரு தடவை நகர்த்தியிருக்கார்."

"நெஜமாவே அவருக்குப் புடிச்சிருக்கு போல கீது."

"அதைத்தானே சொல்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. அந்த துபாய்க்காரனுக்குப் பதில் போட்டுடாதே."

அவள் என்னைப் பார்க்காமல் ஸ்கிரீனைப் பார்த்தாள். "என் மனை எந்த நம்பர்னு தெரியுமா உனக்கு?"

தெரியவில்லை. இருவருக்கும் ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு மனை போட்டிருந்தோம். என்னுடையது மூன்றாம் நம்பர். இரண்டு வருடத்தில் அதில் நாலு வீடு கட்டி இடித்திருக்கிறேன்.

"பதினேழு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஆறு கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்று மழை சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஒன்று நிழலுக்கு, ஒன்று கனத்துக்கு. எல்லாம் சோதனைக்கு வைத்தவை. வேறு ஒன்றும் இல்லை, பெயின்ட்கூட அடிக்கவில்லை.

"உனக்கு நேரமே கிடைக்கல. புரோகிராம்ல வர தப்பை சரிபண்ணவே உனக்கு நாள் போயிடுச்சு" என்றேன்.

"நேரம் இருந்துச்சுடி. எத்தினி தபா தொறந்து உக்காந்திருப்பேன் தெரியுமா? கட்டணும்னு ஒண்ணுமே தோணாது. மூடிட்டுப் போயிடுவேன். நீ அவ்ளோ ஆசையா சொல்றியேன்னு வந்தேன். எனக்கும் ஒருநாள் புடிச்சிடும்னு பாத்துக்கினே இருந்தேன். புடிக்கல." அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. "மூணு போட்டாருன்னு நீ குதிக்கற. என்னைக் கேட்டிருந்தா நான் ரெண்டுதான் போட்டிருப்பேன்."

இதை ஏன்டி முதலிலேயே சொல்லவில்லை என்று கத்த நினைத்தேன். ஒரு தடவையாவது நான் கேட்டிருந்தால் அல்லவா சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. வேலைக்கு வருகிறேன் என்று துபாய்க்கு அனுப்ப வேண்டிய மெயிலை அங்கேயே டைப் செய்து முடித்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "இங்கிலீஷ் உனக்குத்தான் நல்லா வரும். ஒருதபா பாத்துக் குடுடி" என்றாள்.

மூன்றே வரி. படித்துப் பார்த்து, ஒரு கமா சேர்த்துக் கொடுத்தேன்.